பிரக்கிராசியார் வீட்டுப் படலையில் கரைந்த ஐஸ்

காலை ஏழு மணி இருக்கும். என் கையில் வாய் அகன்ற சுடுதண்ணிப் போத்தல் ஒன்று. உள்ளே இருந்தது சுடுதண்ணீர் இல்லை, ஐஸ். துறைமுகக் கரையில் மீன் வாடி வைத்திருந்த காசிம் நானாவிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே குனிந்து, மீன் படாத புதுக் கட்டி ஒன்றை உடைத்துத் தந்தார்.

பக்கத்தில் எங்கள் ஊர்க் கண் டொக்டர் நின்றார். இளம் மனிதர். அவருடைய தோற்பையில் கொதிதண்ணீரில் அவித்த சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இரண்டு இருந்தன.

நாங்கள் நின்றது உட்துறைமுக வீதியில், பிரக்கிராசியார் குமாரவேலு வீட்டு வாசற் படலையில். அன்று விடிய ஆறு மணிக்கு முகம் கழுவிவிட்டு விறாந்தைக் கதிரையில் வந்து இருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து போனார். தேத்தண்ணிக் கோப்பை பக்கத்தில் ஆறிக்கிடந்ததாம்.

படலையில் செத்தவீட்டு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுவித்தவர் செத்தவருடைய தம்பி சின்னத்துரை. என்னைக் கண்டதும் கையை நீட்டி மறித்தார்.

"என்ன புவனம், கையில?"

"ஐஸ், அண்ணை. கண் எடுக்கிறதுக்கு டொக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தனான். பத்து மணிக்கு முதல் எடுக்க வேணும்."

"கண்ணோ? ஆரின்ர கண்?"

நான் கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்துக் காட்டினேன். பச்சை மையில் பிரக்கிராசியாரின் கையெழுத்து. கீழே சாட்சிக் கையெழுத்தும் இருந்தது. சின்னத்துரை அதை வாங்கவே இல்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவர் மேடையில சொன்னது மேடைக்கு. அதைக் கொண்டுவந்து செத்தவீட்டில வைக்கிறியோ? வெக்கமில்லையோ உனக்கு?"

வெட்கப்பட வேண்டியவள் நானாம்.

நெருப்புத் தின்னப்போகிற கண்

பிரக்கிராசி என்றால் நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற, காணி உறுதி முடிக்கிற சட்டத்தரணி. இந்தச் சொல்லைக் கேட்டிராத இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். குமாரவேலு ஐயா எங்கள் ஊரில் பேர்போன பிரக்கிராசி. கண்தானத்துக்கென்று நாங்கள் தொடங்கிய சபைக்கு அவர்தான் தலைவர். நான் செயலாளர்.

முதற்கூட்டம் நகர மண்டபத்தில் நடந்தது. "நெருப்புத் தின்னப்போகிற கண்ணை மனிதன் கேட்கிறான். கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?" என்று கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஊர் முழுக்கப் பார்த்திருக்க முதற் படிவத்தில் கையெழுத்து வைத்தார். கைதட்டல் ஓய வெகுநேரம் எடுத்தது. நான் அழுதுவிட்டேன். மாலை போட்டுப் படமும் எடுத்தோம்.

அவர் பொய்யாகத்தான் சொன்னார் என்று இன்றும் என்னால் எழுத முடியாது. அவர் குரலில் பொய் இருக்கவில்லை. ஆனால் சாட்சி இல்லாமல் ஒரு வழக்கையும் தொடாத அந்த மனிதர், இந்த ஒரு காரியத்தில் என்ன செய்து வைத்தார் என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

அதற்கு முதல், அன்று காலை யாருக்காக நான் ஐஸோடு ஓடினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அவள் பெயர் சுபைதா. குறிஞ்சாக்கேணிப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. புருஷன் களப்பில் வலை போடுகிறவன். சூடு மிதித்து நெல் தூற்றிய இடத்தில் நின்றவளுக்குக் கண்ணுக்குள் உமி விழுந்திருக்கிறது. ஆளாளுக்கு வைத்தியம். ஒருத்தி முலைப்பால் விட்டாள், ஒருத்தி இலைச்சாறு பிழிந்தாள். ஒரு கண்ணில் தொடங்கிய புண் மற்றதையும் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது கருவிழி இரண்டும் வெள்ளையாகிவிட்டன. அப்போது அவளுக்கு வயிற்றில் ஐந்து மாதம். தலைப்பிள்ளை.

டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "புவனேஸ்வரி, ஒரு சோடிக் கண் கிடைச்சால் நான் இங்கயே வைச்சுத் தைப்பன். ஆனால் மாத முடிவில எனக்கு மாற்றம். எனக்குப் பிறகு ஆர் வருவினம், எப்ப வருவினம் எண்டு எனக்குத் தெரியாது."

பிரக்கிராசியார் இறந்த அன்று மாதம் முடியப் பதினொரு நாள் இருந்தது. சுபைதா ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலில் காத்திருந்தாள்.

"என்ன சாதியாம்?"

போன கிழமை எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "அம்மா, இன்னொருவர் தந்த கண்ணால் பார்க்கிற உங்களுக்கு இவ்வளவு கோபம் ஆகாது. நன்றியோடு அமைதியாக இருங்கள்" என்கிறார்.

ஐயா, நன்றி வேறு, கோபம் வேறு. எனக்குக் கண் தந்தவருக்கு நன்றி. உங்களுக்கு ஏன் நான் அமைதியாக இருக்க வேண்டும்?

ஏழு வயதில் எனக்கு அம்மாள் வருத்தம் வந்தது. வேப்பிலையில் கிடத்தினார்கள். கண் இரண்டும் சீழ் கட்டி ஒட்டிப்போயின. அம்மாள் வந்திருக்கும்போது மருந்து விடக் கூடாது என்று யாரோ சொல்ல, எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார்கள். இறங்கிப் போன அம்மாள் என் கருவிழிகளில் தழும்பை விட்டுவிட்டுப் போனாள். ஐந்தாம் வகுப்பில் கரும்பலகை தெரியாமல் போனது. இருபது வயதில் எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்பதே தெரியாது.

இருபத்தாறாவது வயதில், கொழும்பில், என் வலக்கண்ணில் செத்துப்போன ஒருவருடைய கருவிழியைத் தைத்தார்கள். தென்பகுதியில் படிப்பித்த ஒரு சிங்கள ஆசிரியையின் கண் என்று மருத்துவத் தாதி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. கட்டு அவிழ்த்ததும் நான் முதலில் கண்டது அந்தத் தாதியின் பல் இடுக்கில் ஒட்டியிருந்த கீரைத் துண்டை. சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தன.

ஊருக்குத் திரும்பினால் வீட்டுக்குள் சனம். "சிங்களத்தியின்ர கண்ணோ?" என்று மாமி கேட்டார். அடுத்த வீட்டு மனிதர் அதோடு விடவில்லை. "சிங்களத்திலயும் சாதி இருக்குத்தானே. என்ன சாதியாம்? விசாரிச்சனியோ?"

"விசாரிக்கேல்லை, மாமா. கண் தெரியாத நேரம் உங்களை நல்ல மனுசன் எண்டு நினைச்சிருந்தனான்" என்றேன். அவர் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. எனக்கு நட்டமில்லை.

அடுத்த மாதம் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கலியாணம். ஆலாத்தித் தட்டை நான் கையில் எடுத்தேன். ஒரு பெரியம்மா வந்து அதை மெல்லப் பறித்தார். "பிணத்தின்ர கண், பிள்ளை. மணமக்களில படக்கூடாது. கோவிக்காதை."

நான் எழும்பிப் போகவில்லை. பந்தியில் இருந்து பாயாசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடித்தேன். அங்கே இருந்த ஒவ்வொருவரையும் அந்த வலக்கண்ணால் ஆற அமரப் பார்த்தேன். பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அன்றைக்கு எழுந்த ரோஷத்தில்தான் இந்த வேலைக்கு இறங்கினேன். தட்டச்சுப் பழகித் துறைமுகக் காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மிச்ச நேரமெல்லாம் கண்ணுக்கு. வாசிகசாலை, தொழிற்சங்கக் கூட்டம், கோயில் மண்டபம், பள்ளிக்கூட விழா என்று கூட்டம் கூடிய இடமெல்லாம் போனேன். மேடையில் ஏறி இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு பத்திரிகையை வாசித்துக் காட்டுவேன். சனம் வாயைப் பிளக்கும். பெரிய மனிதர்கள் வரிசையில் வந்து கையெழுத்து வைப்பார்கள். படிவங்களை ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு அலுமாரிக்குள் பூட்டி வைத்தேன். பெட்டி நிறைந்தபோது எனக்கு எவ்வளவு பெருமை!

குசினிப் பக்கத்தால்

சின்னத்துரை படலையை மறித்து நின்றார் என்றேன் அல்லவா? டொக்டர் அவரோடு ஆங்கிலத்தில் பணிவாகக் கதைத்துப் பார்த்தார். அது சரிவராது என்று எனக்குத் தெரியும். நான் வேலி ஓரமாகச் சுற்றிப்போய்க் குசினிக் கதவால் உள்ளே நுழைந்தேன்.

எங்கள் பக்கத்துச் செத்தவீட்டில் ஆம்பிளைகள் வெளியே பந்தலுக்குள் இருப்பார்கள். பறை, பந்தம், சுடலைக்கு எடுக்கும் நேரம் எல்லாம் அவர்கள் கையில். பிரேதம் கிடக்கிற அறை பெண்களுடையது. அங்கே யார் வரலாம், யார் தொடலாம் என்று சொல்வது தலைமாட்டில் இருக்கிறவள்.

அன்று தலைமாட்டில் இருந்தவர் பிரக்கிராசியாரின் தமக்கை. ஊரெல்லாம் அவருக்குப் பெரியக்கா என்றுதான் பெயர். கால்மாட்டில், சுவரில் சாய்ந்தபடி, மனைவி மனோன்மணி அக்கா. அவர் அழவில்லை. எதையும் பார்க்கவும் இல்லை.

போத்தலைக் கண்டதும் பெரியக்காவுக்கு விளங்கிவிட்டது. "ஆர் உன்னை உள்ள விட்டது? என்ர தம்பியின்ர கண்ணைத் தோண்ட வந்தனியோ?"

"தோண்டுறதில்லை, பெரியக்கா. முகம் பழுதாகாது. டொக்டர் உள்ளுக்குப் பஞ்சு வைச்சு இமையை மூடிவிடுவார். பாக்கிற ஆக்களுக்கு ஒண்டும் தெரியாது."

"அடுத்த பிறப்பில அவன் குருடாப் பிறக்கவோ?"

இதை எத்தனை பேரிடம், எத்தனை தரம் கேட்டுவிட்டேன்! பொறுமையாகப் பதில் சொல்லப் பழகியும் இருந்தேன். ஆனால் அன்று நேரம் எட்டேகால். பொறுமை பறந்துவிட்டது.

"பின்னேரம் முழு உடம்பையும் நெருப்பில போடப்போறியள். அப்ப அடுத்த பிறப்பில உடம்பில்லாமலோ பிறப்பார்?"

ஒப்பாரி சட்டென்று நின்றது. சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. பெரியக்கா எழும்பி என்னைத் தள்ளப்போனார். அப்போதுதான் மனோன்மணி அக்கா வாய் திறந்தார்.

"விடுங்கோ, மச்சாள். புவனம், அவர் கையெழுத்து வைச்சவரோ?"

"ஓம், அக்கா. நாலு வருசத்துக்கு முன்னம், நகர மண்டபத்தில. ஊரே பாத்தது."

"ஊர் பாத்தது. எனக்கு அவர் சொல்லேல்லை." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயும் சொல்லேல்லைத்தானே? மாதம் தவறாமல் இந்த விறாந்தையில கூட்டம் வைச்சனீங்கள். எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுத் தந்தது நான். ஒருநாள் எண்டாலும் குசினிக்கு வந்து, 'அக்கா, இவர் இப்பிடி எழுதித் தந்திருக்கிறார், உங்களுக்குச் சம்மதமோ' எண்டு கேட்டனியோ?"

நான் போத்தலைச் சேலைத் தலைப்பால் மூடினேன்.

"இப்ப, அவர் கிடக்கேக்க, கையில ஐஸோட வந்து கேக்கிறாய். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஏலாது, புவனம். ஏலாது. போ."

வெளியே வந்தேன். டொக்டர் எதிர்ப்பக்கத்து வேம்பின் கீழ் நின்றார். யாராவது மனம் மாறிக் கூப்பிடுவார்கள் என்று பத்து மணிவரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். பறையடிக்கிறவர்கள் வந்தார்கள், சொந்தக்காரர் வந்தார்கள், மாலைகள் வந்தன. எங்களை யாரும் கூப்பிடவில்லை. பத்து மணிக்குப் போத்தலைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் தண்ணீர். வேம்பின் அடியிலேயே ஊற்றிவிட்டு நடந்தேன்.

சப்பாத்துப் பெட்டி

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து பெட்டியைப் பாயில் கவிழ்த்தேன். ஒவ்வொரு படிவமாகப் பார்த்தேன். அதிபர், தலைமை எழுதுவினைஞர், கடை முதலாளி, தொழிற்சங்கக்காரர், கிளிவெட்டியில் வயல் வைத்திருக்கும் ஒரு போடியார். எல்லாம் ஆம்பிளைகள். சாட்சிக் கையெழுத்து, பக்கத்துக் கதிரையில் இருந்த இன்னோர் ஆம்பிளையுடையது. அதிபருக்கு எழுதுவினைஞர் சாட்சி, எழுதுவினைஞருக்கு அதிபர் சாட்சி.

ஒரு மனைவியின் கையெழுத்து இல்லை. ஒரு தமக்கையின் கையெழுத்து இல்லை. சாகும்போது தலைமாட்டில் இருக்கப்போகிற ஒருத்திக்குக்கூட நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை.

நானும் ஒரு பொம்பிளைதான். பிணத்தின் கண் என்று என் கையிலிருந்து தட்டைப் பறித்ததும் ஒரு பொம்பிளைதான். அந்த அறையில் யாருடைய சொல் செல்லும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டும் மேடைக்கும் மாலைக்கும் பின்னால் ஓடியிருக்கிறேன். பிரக்கிராசியார் மேல் வந்த கோபம் அன்று பாதி என் மேல் திரும்பியது. பாதிதான். மிச்சப் பாதி இன்னும் அவருக்குத்தான். ஒரு துண்டு வேலிக் காணிக்கு மூன்று சாட்சி கேட்கிறவர், தன் கண்ணைக் கொடுக்கப் போகிற செய்தியைப் பெண்சாதிக்குச் சொல்லவில்லை. நாலு வருடம்!

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுபைதாவுக்கு என் காலடிச் சத்தம் தெரியும்.

"கெடைச்சிச்சா, அக்கா?"

"இல்லை, பிள்ளை. அவையள் தரேல்லை."

"அவங்களுக்கும் கவலதானே, அக்கா. மௌத்தான வீடு." வயிற்றைத் தடவிக்கொண்டாள். "எனக்கு வேற ஒண்டும் வேணாம். புள்ள பொறக்கக்குள்ள மொகத்த ஒருக்காப் பாத்தாக் காணும்."

மிச்சப் பதினொரு நாளில் ஊரில் வேறு யாரும் சாகவில்லையா என்று கேட்பீர்கள். செத்தார்கள். என் பெட்டியில் கையெழுத்து இருந்தவர்களிலேயே இருவர் செத்தார்கள். இரண்டு படலைக்கும் ஐஸோடு போனேன். இரண்டு இடத்திலும் வீட்டுக்காரிக்கு அந்தப் படிவத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

மாத முடிவில் டொக்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். சுபைதா புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு குறிஞ்சாக்கேணிக்குத் திரும்பினாள்.

கல்வெட்டு

முப்பத்தோராம் நாள் பிரக்கிராசியாருக்குக் கல்வெட்டு வந்தது. அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். வழுவழுப்பான தாள், முன்பக்கத்தில் அவருடைய படம். உள்ளே புகழ்மாலை. துறைமுகக் கந்தோரில் ஒருவர் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

நாலாம் பக்கத்தில் இருந்தது: "தன் இரு விழிகளையும் பிறர்க்கு ஈந்த தகைமையாளர்."

நான் மூன்று தரம் வாசித்தேன். கண் கொடுத்தாராம்! ஈந்தாராம்! ஈந்த கண் எங்கே? சுடலைச் சாம்பலில் போய் அரித்துத் தேடவா? கொடுக்கவும் மாட்டார்கள், கொடுத்த பேரையும் விடமாட்டார்கள். அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே உட்துறைமுக வீதிக்குப் போனேன். இந்த முறையும் குசினிக் கதவால்தான்.

மனோன்மணி அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். பெரியக்காவும் மகளும் மருமகளும் அங்கேயே இருந்தார்கள். நான் புத்தகத்தை நீட்டினேன்.

"எனக்கு எழுத்துத் தெரியாது" என்றார் மனோன்மணி அக்கா. பெரிய பிரக்கிராசியாரின் பெண்சாதி. அதுவும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "நீயே வாசி."

வாசித்தேன். மனோன்மணி அக்கா சட்டியை ஒரு பக்கம் வைத்தார். பெரியக்காவைப் பார்த்து, "ஆர் மச்சாள் இதை எழுதினது?" என்று கேட்டார்.

"சின்னத்துரை. இப்பிடி எழுதினால் மதிப்பாம்."

"அவர் சொன்னதைச் செய்ய நாங்கள் விடேல்லை. விடாமல், செய்ததாச் சின்னத்துரை எழுதி வைச்சிருக்கிறார். நான் மறிச்சதும் பாவம், இதுவும் பாவம்." கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "புவனம், அந்தக் கடுதாசி ஒண்டு தா."

"அக்கா, உங்களுக்கு மனம் இல்லையெண்டால் வேண்டாம். நான் அதுக்கு வரேல்லை. கோவத்தில வந்தனான்."

"எனக்கும் கோவந்தான். தா."

பெருவிரலில் மை பூசி அடையாளம் வைத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்தார். "நான் செத்தால் என்ர கண்ணைக் குடுக்க வேணும். சொல்லு, ஓமோ?" மகள் அழுதுகொண்டே "ஓம், அம்மா" என்றாள். மருமகளும் சொன்னாள். கடைசியில் பெரியக்கா.

"என்ர கண்ணை நான் தரமாட்டன். அதைக் கேளாதை" என்றார் பெரியக்கா. "ஆனால் உன்ர வாக்குக்குக் குறுக்க நிக்கமாட்டன். அவ்வளவுதான்."

அந்த மாதத்திலிருந்து நான் மேடை ஏறுவதைக் குறைத்தேன். வீடு வீடாகக் குசினிக்குப் போனேன். தேங்காய் துருவிக்கொண்டும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டும் பெண்கள் கேட்டார்கள். கைதட்டல் இல்லை, படமும் இல்லை. பலர் முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அது எனக்குப் பிடித்தது. கண்ணை மூடியதும் என்ன செய்ய வேண்டும் என்று செய்து காட்டுவேன்: இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையணையை உயர்த்தி, மின்விசிறியை நிற்பாட்ட வேண்டும். அதற்குப் பிறகு யார் படிவம் தந்தாலும் சாட்சிக் கையெழுத்து அந்த வீட்டுப் பெண்ணுடையதுதான். இல்லாவிட்டால் வாங்கமாட்டேன்.

ஏழு வருடம்

சுபைதாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பரீனா என்று பெயர் வைத்தார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் அவளைக் கொழும்புக்கு இரண்டு தரம் அனுப்பிவைத்தேன். காத்திருப்போர் வரிசையில் கிடந்துவிட்டு இரண்டு தரமும் திரும்பி வந்தாள். மூன்றாம் முறை புருஷன் மறுத்துவிட்டான். அந்த நாட்களில் பாதையெங்கும் பயம். தமிழ் பேசுகிற வாயோடு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போக யாருக்குத்தான் மனம் வரும்?

நான் குறிஞ்சாக்கேணிக்குப் போகும்போதெல்லாம் பரீனா உம்மாவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவாள். நாலு வயதிலேயே அடுப்படி எங்கே, கிணற்றடி எங்கே என்று வழிகாட்டப் பழகிவிட்டாள்.

எண்பதுகள் தொடங்கிய பிறகு ஒரு நாள், மத்தியானம், என் கந்தோருக்கு ஒரு சைக்கிள்காரன் வந்து நின்றான். "மனோன்மணி அம்மா போயிட்டா. பெரியக்கா சொல்லிவிட்டவ, ஐஸோட கெதியா வரட்டாம்."

அந்த நேரம் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு கண் டொக்டர் வந்திருந்தார். இருவரும் ஓடினோம். படலையில் அதே சின்னத்துரை, தலை நரைத்துப்போய். இந்த முறை வழி விட்டார். அறைக்குள் மின்விசிறி நிற்பாட்டிக் கிடந்தது. மனோன்மணி அக்காவின் மூடிய இமைகளில் ஈரப் பஞ்சு. தலைமாட்டில் பெரியக்கா.

"தள்ளுங்கோ எல்லாரும். டொக்டருக்கு இடம் விடுங்கோ" என்று அதட்டினார். அறையை விட்டுப் போகும்போது என் தோளில் ஒருதரம் கை வைத்தார்.

ஒரு கண் கந்தளாயிலிருந்து வந்திருந்த ஒரு சிங்கள விவசாயிக்கு. மற்றது சுபைதாவுக்கு.

கட்டு அவிழ்த்த காலை நானும் வாட்டில் நின்றேன். முதலில் கை விரல்களைப் பார்த்தாள். யன்னலைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்து, "நரைச்சிட்டீங்களே" என்றாள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு கட்டிலின் காலடியில் நின்ற பரீனாவைக் கண்டாள். அதற்குப் பிறகு அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. தாதிமார் எல்லோர் கண்ணிலும் நீர்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே" என்று ஊரில் இன்றும் என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

பரீனாவுக்கு ஆறு வயது தாண்டிவிட்டது. பிறந்த நாள் முதல் அவள் உம்மாவின் கண் அவள் மேல் நின்றதே இல்லை. சுவரில் நிற்கும், கூரையில் நிற்கும், அவளைத் தாண்டி எங்கோ போகும். இப்போது அந்தக் கண் அவளையே பார்த்தது, விடாமல் பார்த்தது. பிள்ளை பின்னுக்கு நகர்ந்தாள். சுபைதா கையை நீட்டினாள். பிள்ளை ஓடிவந்து என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பயமாரிக்கி, மாமி" என்றாள். "உம்மா ஏன் என்ன இப்பிடிப் பாக்குறா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் ஒருவரும் அன்று அந்த வாட்டில் இருக்கவில்லை, என்னைத் தவிர.